தரகரம்மாவும் தப்பி ஓடிய கல்லும்

உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையில் இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் அறிமுகப்படுத்தும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகமாவது மண்ணாங்கட்டியாவது! காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஃபோனில் கெஞ்சுவதுதான் வேலை. பூமிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விண்கற்கள் இருக்கின்றனவே, அவற்றை டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் முதலில் படம் பிடிக்க வேண்டும். கல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர்கள் சொன்னால்தான் ரேடார்காரர்கள் தங்கள் ராட்சசத் தட்டு ஆண்டெனாவை அந்த இடத்துக்குத் திருப்பி அலையை அனுப்ப முடியும். அலை கல்லில் பட்டுத் திரும்பி வந்தால் போதும், அதன் தூரம், வேகம், உருவம் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடும். அதற்கப்புறம் அது என்றைக்காவது நம் தலையில் விழுமா விழாதா என்று நிம்மதியாகச் சொல்லிவிடலாம்.

இதில் தொல்லை என்னவென்றால், டெலஸ்கோப்காரர்களைக் கேட்டால் ரேடார்காரன் திமிர் பிடித்தவன். ரேடார்காரர்களைக் கேட்டால் டெலஸ்கோப்காரன் மேகத்தைச் சாக்கு வைத்துத் தூங்குகிறவன். இவர்களை அவர்களோடு பேச வைத்து, நல்ல நேரம் பார்த்து, நடுவில் விமானப் போக்குவரத்து ஆபீசுக்கும் ஃபோன் போட்டு, "அந்த நேரத்துல எங்க தட்டுக்கு மேல எந்த விமானத்தையும் விட்டுடாதீங்க சார், பாவம்" என்று கேட்டு வாங்குவது அவள் வேலை. ஆபீசில் யாரோ ஒருவன் தரகரம்மா என்று பெயர் வைத்தான். ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது, வெளியே சொல்லவில்லை.

படித்தது வணிகவியல். அதற்கு முன்னால் ஒரு டாக்சி கம்பெனியில் வண்டி அனுப்புகிற வேலை. மழையில் வர மாட்டேன் என்கிற டிரைவரை வர வைப்பது, விடியற்காலை ஏர்போர்ட் சவாரியை யார் தலையிலாவது கட்டுவது, கோபப்பட்ட வாடிக்கையாளரைக் குளிர வைப்பது, இதில் எல்லாம் அவளை மிஞ்ச ஆளில்லை. கம்பெனியை இழுத்து மூடியதும் வீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் மாமனார் அந்த விளம்பரத்தைக் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் போட்டார். "வானத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும் மாமா?" என்றாள். "வானத்தப் பத்தித் தெரிஞ்சவங்க அங்க நிறைய இருப்பாங்க. மனுஷங்கள வழிக்குக் கொண்டுவரத் தெரிஞ்சவங்கதான் இருக்க மாட்டாங்க. போய்க் கேளு" என்றார் அவர். போனாள், கிடைத்தது.

இந்த மாமனாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் தெருவில் இறங்கினால் கடைக்காரர்கள் தராசைத் துடைப்பார்கள். சொந்த மச்சான் கடையிலேயே கள்ளப் படிக்கல்லைப் பிடித்து அபராதம் போட்ட புண்ணியவான். அந்த மச்சான் இன்றுவரை இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ரிட்டயர் ஆனதும் வந்த பணத்தில் மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, கூரையைத் தள்ளித் திறக்கிற மாதிரி சக்கரம் வைத்து, உள்ளே ஒரு டெலஸ்கோப்பையும் கேமராவையும் குடியேற்றினார். அப்புறம் கல் தேடுகிற பித்து பிடித்துக்கொண்டது. படமெடுப்பார், அளப்பார், பென் டிரைவில் போட்டு மருமகளிடம் கொடுப்பார். அவள் தன் லேப்டாப்பிலிருந்து ஆபீசுக்கு அனுப்புவாள். பென் டிரைவ் எதற்கு, நேராக அனுப்பலாமே என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மனுஷர் தப்பே செய்ய மாட்டார் என்பது அந்த வீட்டின் சட்டம். அவரே போட்ட சட்டம்.

தரகரம்மாவின் ஆபீசுக்கு இன்னொரு சட்டம் உண்டு. படம் அனுப்புகிற எவரும் அடிக்கடி தங்கள் கடிகாரத்தைச் சோதித்துக் காட்ட வேண்டும். கல் ஓடிக்கொண்டே இருக்கும் சாமான்; இந்த இடத்தில் இருந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த நொடியில் இருந்தது என்பதும் வேண்டும். எல்லோரிடமும் அவள் இதைக் கறாராகக் கேட்டு வாங்குவாள். தராத பேராசிரியர்களைக்கூட விட்டதில்லை. மாமனாரிடம் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பாள்? ஊர் தராசையெல்லாம் சோதித்த மனுஷரிடம் போய், மாமா உங்க கடிகாரம் சரியா என்று கேட்டுவிட்டு அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? அதனால் அவர் பெயர் வரும்போது மட்டும் சோதனை முடிந்தது என்று அவளே போட்டுவிடுவாள்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் புதுக் கல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கல்யாண மண்டபம் அளவு. ஆனால் கிட்டே வருகிறது, வேகமாக வருகிறது, இரண்டே நாளில் தாண்டிப் போய்விடும், அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் திரும்பும். அந்தத் திரும்புகிற தடவை பூமிமேல் மோத ஒரு நூலிழை வாய்ப்பு இருக்கிறது என்று கணக்கு சொல்லியது. ரேடார் ஒரு தடவை தொட்டுவிட்டால் அந்தச் சந்தேகம் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும்.

நேரம் பார்த்து எல்லா டெலஸ்கோப்புகளும் காலை வாரின. ஓரிடத்தில் மழை, ஓரிடத்தில் புகைமூட்டம், பெரிய டெலஸ்கோப் ஒன்றுக்குக் கண்ணாடி கழுவுகிற வாரம். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது ஒரே ஒரு மொட்டை மாடிக்கு மேலேதான். சூரியன் இறங்கினதும் மேற்கே கல் தெரியும். மாமனார் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏறினார், படமெடுத்தார், பென் டிரைவைக் கொடுத்தார். "இதவிடச் சுத்தமா யாரும் எடுக்க முடியாது" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அதை வைத்து மறுநாள் மத்தியானம் ரேடார் சுட்டது. ஒன்றும் வரவில்லை.

ரேடார் நிலையத்துக்குப் பெரியவர் ஒருவர் உண்டு, ஆபீசில் எல்லோரும் தட்டுக்காரர் என்பார்கள். மூக்குக்கு மேல் கோபம். அவரிடம் போன மாதம்தான் தரகரம்மா வாங்கிக் கட்டிக்கொண்டாள். எவனோ ஒரு டெலஸ்கோப்காரன் தேதியை மாற்றிப் போட்டதில் தட்டு அரை நாள் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இப்போது இது இரண்டாவது.

"மேடம், அங்க கல்லும் இல்ல ஒரு மண்ணும் இல்ல" என்றார் ஃபோனில். "ஒரு தடவ சுடறதுக்கு என்ன பாடுன்னு தெரியுமா? இத்தன பேரு, இத்தன கரண்டு, விமானத்தையெல்லாம் சுத்திப் போகச் சொல்லி... உங்க ஆளுங்களுக்கு வானம்னா விளையாட்டாப் போச்சு."

"சார், நாளைக்கு ஒரு சான்ஸ் கொடுங்க சார். கல்லு இன்னும் பக்கத்துலதான் இருக்கு."

"நாளைக்குத் தர்றேன். உங்க பேச்ச நம்பித் தர்றேன். அதுவும் காலியா இருந்தா, இனிமே உங்க நம்பர் வந்தா நான் ஃபோன எடுக்க மாட்டேன். எங்க ஆளுங்களையும் எடுக்க விடமாட்டேன்."

ஃபோனை வைத்தாள். உலகத்திலேயே அந்த வேலைக்கு உருப்படியான தட்டு அது ஒன்றுதான் என்கிற மாதிரி அந்த மனுஷர் பேசினாலும், அவளைப் பொறுத்தவரை அது உண்மைதான். தட்டுக்காரர் ஃபோனை எடுக்காத தரகரம்மாவை வைத்துக்கொண்டு ஆபீஸ் என்ன செய்யும்? படிப்பா இருக்கிறது காட்ட? வாக்கு ஒன்றுதான் கையில் இருந்தது. அதுவும் போனால் மறுபடியும் டாக்சிதான், அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை.

அப்போதுதான் கணக்குக்காரி வந்து நின்றாள். கல்லின் பாதையைக் கணக்குப் போடுகிற பெண் அவள். ஆபீசில் தரகரம்மாவுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி.

"அக்கா, கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லட்டுமா?"

"ஏற்கனவே வாங்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். சொல்லு."

"புகைமூட்டத்துல இருந்தாங்களே, அவங்களுக்கு நேத்து கொஞ்ச நேரம் வழி விட்டிருக்கு. ஒரே ஒரு படம் இப்பதான் வந்துச்சு. உங்க மாமனார் சொல்ற பாதையிலதான் கல்லு இருக்கு. ஆனா அவர் சொன்ன எடத்தத் தாண்டி முன்னாடி போயிருக்கு. கல்லு கடந்து போன எடத்துலதான் நாம இன்னிக்கு ரேடார் அடிச்சிருக்கோம்."

"அந்தப் புகைமூட்டக்காரங்களுக்கு என்னைக்கு ஒழுங்கா எடுக்கத் தெரிஞ்சிருக்கு?"

"இருக்கலாம்க்கா. ஒரு படத்த வச்சு நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனா மாமா கடிகாரம் ரெண்டு நிமிஷம் வேகமா ஓடினா இதே மாதிரிதான் வரும். சோதன பண்ணியிருக்கீங்கல்ல?"

தரகரம்மா தண்ணீர் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். "பண்ணியிருக்கு" என்று சொல்ல வாய் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தாள். எப்படி ஆரம்பித்தாலும் சண்டையில்தான் போய் முடிந்தது.

அவள் மாடி ஏறும்போது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மாமனார் கூரையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ரேடார்ல கெடைக்கலையாமே?" என்றார். "அவனுங்களுக்குத் தட்டத் திருப்பவே தெரியாது."

"மாமா, இன்னிக்குக் கல்ல எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு செயற்கைக்கோள எடுக்கணும். வண்டிக்கெல்லாம் வழி காட்டுதே, அந்த வகை. அது எந்த நொடியில எங்க இருக்கும்னு பட்டியலே இருக்கு. நாம எடுத்த படத்தோட ஒப்பிட்டா கடிகாரம் சரியான்னு தெரிஞ்சுடும்."

கூரை பாதியில் நின்றது.

"யார் கடிகாரம்?"

"உங்க கடிகாரம் மாமா."

"யாரு சொன்னா? அந்தத் தட்டுக்காரனா?"

"யாரும் சொல்லல. நான் கேக்கறேன்."

"நான் தெனம் சாயங்காலம் கைக்கடிகாரத்த சாப்பாட்டு ரூம் கடிகாரத்தோட நொடி பிசகாம ஒத்துப்பாத்து, மேல வந்து கம்ப்யூட்டர்ல நேரம் வைக்கிறவன். அந்தக் கடிகாரத்த மாசம் பொறந்தா ரேடியோ நேரத்துக்கு வைக்கிறவன். என்கிட்ட வந்து... இந்த வீட்டுல இருந்துட்டு... சரி, நீயும் பெரிய ஆபீசராயிட்ட. எறங்கு கீழ."

அவளுக்கும் வந்தது கோபம். பயந்து பயந்து இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து வந்தது.

"எறங்க மாட்டேன். நீங்க ஒரு கடைக்குள்ள போனா, தராச எடு பாப்போம்னு கேப்பீங்களா மாட்டீங்களா? கடைக்காரன் நான் யாரு தெரியுமான்னு குதிச்சா விட்டுட்டு வருவீங்களா? உங்க மச்சானயே விடல நீங்க. நான் மட்டும் மாமனார்னு விட்டேன். விட்டது தப்பு. அதுக்கு நாளைக்கு என் வேல போகப் போகுது. போனாப் போகுது, ஆனா தராசக் காட்டுங்க."

இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவரிடம் இப்படிப் பேசியதில்லை. பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா எடுத்த துணியையே மறுபடி கொடியில் போட்டுக்கொண்டு நின்றாள், முழுசாகக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று.

மாமனார் கூரையை மீதி தூரம் தள்ளினார். உட்கார்ந்தார். "எந்தச் செயற்கைக்கோள்?" என்றார்.

எடுத்தார்கள். அவளுடைய லேப்டாப்பில் போட்டு ஒப்பிட்டார்கள். கடிகாரம் இரண்டு நிமிஷத்துக்கும் மேலே முன்னால் இருந்தது. அவர் நம்பவில்லை. வேறொரு செயற்கைக்கோளை எடுத்தார். அதுவும் அதையே சொன்னது. மூன்றாவதற்கு அவர் போகவில்லை.

"இருக்க முடியாதே" என்றார். "மாசக் காலண்டர் கிழிச்ச அன்னிக்கு நானேதான வச்சேன்."

இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். சாப்பாட்டு ரூமில் மாமியார் உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தை யாராவது தொட்டார்களா என்று மாமனார் கேட்டார்.

"யாராவது என்ன யாராவது, நான்தான்" என்றார் மாமியார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "உங்க புள்ள எழுந்திரிக்கிற லட்சணத்துக்குக் கடிகாரம் சரியா ஓடினா அவன் மத்தியானம்தான் ஆபீசுக்குப் போவான். அதான் முள்ளக் கொஞ்சம் தள்ளி வைப்பேன்."

"எவ்வளவு தள்ளுவ?"

"அது அவன் தூங்கற அழகப் பொறுத்தது. ஒரு நாள் ஒரு நிமிஷம், ஒரு நாள் ரெண்டு. ரொம்பப் போயிட்டா பின்னாலயும் இழுத்து விடுவேன், உங்களுக்குச் சந்தேகம் வந்துடக் கூடாதுல்ல. ஏன், என்ன ஆச்சு இப்ப?"

"கம்ப்யூட்டருக்கு நேரம் இன்டர்நெட்லேருந்துதான வரும், நீங்க ஏன் மாமா கையால வைக்கிறீங்க?" என்று அப்போதுதான் கேட்டாள் தரகரம்மா. மூன்று வருஷமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"மாடிக்குப் போற ஒயர்ல ஆரம்பத்துலயே ஒரு நாள் லைன் வரல. கம்பெனிக்காரன் கோளாறுன்னு விட்டுட்டேன். எனக்கு அவன் தயவு எதுக்கு? செல்போன்ல வர்ற நேரமும் அவனோடதுதான்."

சோபாவில் கால் நீட்டி மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். "எந்த ஒயர்? அந்த மஞ்ச ஒயரா? அது சும்மாதானப்பா கெடந்துச்சு. நான்தான் புடுங்கி டிவில சொருகினேன்."

மாமனார் மகனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். திட்டுவார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவர் மாடிப் படியைப் பார்த்து நடந்தார். "வா, கல்லு எறங்கிடும்" என்றார் மருமகளிடம்.

கணவர் மேட்சைப் பாதியில் விட்டு ஒயரைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு வேகமாகப் படி ஏறி அவள் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் சரியான நேரத்தைப் பிடித்துக்கொண்டது; செயற்கைக்கோளை வைத்து இன்னொரு தடவை சோதித்தார்கள்; சரியாக இருந்தது. கல் கூரைகளுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் படமெடுத்தார்கள். மாமனார் "சுத்தமா இருக்கு" என்று இந்தத் தடவை சொல்லவில்லை. இப்படி ஒரு கல் எடுத்துவிட்டு அவர் வாய் மூடிக்கொண்டு கீழே இறங்கியது இதுதான் முதல் தடவை. கணக்குக்காரி புதுப் படங்களை வாங்கிப் பாதையைத் திருத்தித் தட்டுக்காரருக்கு அனுப்பினாள்.

மறுநாள் விடுமுறை நாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பும் ஃபோனுமாக உட்கார்ந்தாள் தரகரம்மா. விமான ஆபீஸ் வழி விட்டாயிற்று. ரேடார் சுட்டாயிற்று. இனி காத்திருப்பது ஒன்றுதான். மாமியார் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். கணவர் டிவி போடவில்லை. மாமனார் சட்டைப் பித்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, யாரையோ பார்க்கப் போகிறவர் மாதிரி ஜன்னலோரம் நின்றார்.

ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள், காதில் வைக்கத் தைரியம் இல்லாமல்.

"வந்துடுச்சு மேடம்" என்றார் தட்டுக்காரர். "தட்டு நடுவுலயே உக்காந்திருக்கு. கல்லு ரெட்டக் கல்லு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. தூரம் கணக்காக் கெடச்சுடுச்சு. திரும்பி வரும்போது நம்மள விட்டு ரொம்பத் தள்ளித்தான் போகும். மோதாது."

தரகரம்மா அழுதுவிட்டாள். உலகம் பிழைத்ததற்கா, வேலை பிழைத்ததற்கா என்று கேட்டால் வேலைக்குத்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றாள்.

"அது இருக்கட்டும். நேத்து என்ன ஆச்சு? எங்க தப்பா, உங்க தப்பா? நான் மேல பதில் சொல்லணும்."

இதற்கு அவள் காலையிலேயே பதில் தயார் பண்ணியிருந்தாள். லேசான மேகம் சார், கல் மங்கலாகத் தெரிந்தது சார், அளக்கும்போது கொஞ்சம் பிசகிவிட்டது சார். டாக்சி கம்பெனியில் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறாள். "லேசா மேகம்..." என்று ஆரம்பித்தாள்.

மாமனார் வந்து கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவர் கையை மடக்கவில்லை. கொடுத்தாள்.

"வணக்கம். நான் மொட்ட மாடி டெலஸ்கோப்காரன். நேத்து உங்க நேரத்த வீணாக்கினது நான்தான். என் கடிகாரம் தப்பா இருந்துச்சு. அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. அவ வந்து சோதன போட்டதுலதான் தெரிஞ்சுது."

மாமனார் ஃபோனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இன்னொண்ணு. மூணு வருஷமா நான் அனுப்பினது எல்லாமே இந்தக் கடிகாரத்த வச்சு எடுத்ததுதான். அதெல்லாம் இது மாதிரி இல்லாம மெதுவா ஊர்ற கல்லுங்கறதால யாரும் கண்டுபிடிக்கல. என்னைக்கு எவ்வளவு தப்புன்னு இப்பச் சொல்ல வழியில்ல. எல்லாத்தையும் தள்ளிடச் சொல்லி இன்னிக்கே எழுதித் தர்றேன்."

தட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், நான் இந்த வேலைக்கு வந்த நாளா மேகம், காத்து, பறவ, பக்கத்து வீட்டு லைட்டுன்னு எல்லாக் கதையும் கேட்டிருக்கேன். என் தப்புன்னு ஒரு டெலஸ்கோப்காரர் சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார். அப்புறம், "மேடம் இருக்காங்களா? அடுத்த கல்லு வந்தாச் சொல்லுங்க மேடம். ஃபோன எடுப்பேன்" என்று வைத்துவிட்டார்.

முள்ளைத் தள்ளியது ஒருத்தர், ஒயரைப் பிடுங்கியது ஒருத்தர், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது ஒருத்தி. மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

மாமியார்தான் ஈரக் கையோடு முன்னால் வந்தார். "எல்லாத்தையுமா? மூணு வருஷமும் பனியில உக்காந்து எடுத்ததையா?"

"எல்லாத்தையும்."

"நான் திருகினேன்னு சொல்ல வேண்டியதுதான? எதுக்கு எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"கடையில எடை போடறது யாராயிருந்தாலும் கேஸு கடைக்காரன் மேலதான்" என்றார் அவர். பிறகு நாற்காலியை இழுத்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வாடித்தான் இருந்தது. மூன்று வருஷம் என்றால் சும்மாவா? இந்த மனுஷரிடமா கேட்கப் பயந்தோம் என்று தரகரம்மா நினைத்தாள். அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது, அதற்கும் திட்டுவார்.

"லேப்டாப்ல அடி, நான் சொல்றேன்" என்றார். அவள் அடித்தாள். 'என் நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட கீழ்க்கண்ட கால அளவைச் சேர்ந்த எல்லாப் பதிவுகளையும் விலக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' வரிக்கு வரி நிறுத்தி, புள்ளி எங்கே வைக்க வேண்டும் என்பது வரைக்கும் சொன்னார். காரணம் என்ற இடத்தில் அவர் மூச்சு வாங்கி நின்றார். அவர் சொல்வதற்குள் அவளே முந்திக்கொண்டு, 'ஒரு சிறிய கடிகாரப் பிழை' என்று அடித்துவிட்டாள்.

மாமனார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரைக்குக் கிட்டே வந்து படித்தார்.

"சிறியன்னு யாரு சொன்னா? அத எடு" என்றார்.

எடுத்தாள்.